தோடையைக் காத்த பொறிவண்டு

அரசர் முடிசூடியதையும் படைகள் பொருததையும் பதிந்துவைத்த வரலாறு, பயிரைத் தின்னும் சிற்றுயிர்களைப் பற்றிப் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் செல்வமும் குடிகளின் வாழ்வும் பயிரிலே தங்கியிருக்குமிடத்து, அப்பயிரின் பகைகளும் அந்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியேயாம். இதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 1869 இல் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிற் காணப்பட்ட இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் அத்தொழிலை வீழ்த்தியது. 1880 களிற் பரவிய பச்சைச் செதிற்பூச்சி எஞ்சி நின்ற கோப்பியையும் நலித்தது. கோப்பி நின்ற இடத்தைத் தேயிலை கைக்கொண்டது. மலைநாட்டின் முகமும் அங்கு உழைத்த மக்களின் வாழ்வும் மாறின.

பீடையென நாம் கூறும் பூச்சி பிறப்பினாலேயே பீடையா, அன்றிச் சூழ்நிலையினால் அவ்வாறு ஆகின்றதா என்பது சிந்தித்தற்குரிய ஒரு வினா. இயல்பினாலே பீடையாயின், அதனைக் கண்டவிடத்துக் கொல்வதன்றி வேறு வழியில்லை. சூழ்நிலையினால் ஆவதாயின், அச்சூழ்நிலையைத் திருத்துதலும் ஒரு வழியாகும். இவ்வினாவுக்கு உலகம் அறியத் தெளிவான விடை கிடைத்தது, சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துத் தோடைத் தோப்புக்களிலேயாகும். அவ்வரலாற்றை முதலில் ஆராய்ந்து, பின்னர் அதே பாடம் நம் நாட்டிற் கற்கப்பட்டவாற்றையும் மறக்கப்பட்டவாற்றையும் நோக்குவோம்.

பூச்சியின் இயல்பு

ஐசேரியா பேர்ச்சசி என்பது அப்பூச்சியின் அறிவியற் பெயர். நியூசீலந்தின் ஓக்லாந்து நகரிற் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, அந்நாட்டு அறிஞர் மாஸ்கெல் 1870 களின் இறுதியில் அதனை விவரித்துப் பெயரிட்டார். மாதிரிகளை அளித்த பேர்ச்சஸ் என்பாரின் பெயர் அதிலே நிலைத்துவிட்டது. அது செதிற்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. முதிர்ந்த பெண்பூச்சி ஏறத்தாழ ஓர் உழுந்தின் பருமனும் செங்கல் நிறமும் உடையது. தன் உடலின் பின்புறத்தே வரிவரியாகப் பள்ளமிட்ட வெண்ணிற மெழுகுப் பை ஒன்றை அது சுரந்து, அதனுள் நூற்றுக்கணக்கான செந்நிற முட்டைகளை இடும். அப்பை பஞ்சுத் திண்டு போலத் தோன்றுதலின், இதனைப் பஞ்சணைச் செதிற்பூச்சி எனலாம்.

கிளையிலும் இலையின் நரம்பிலும் தன் ஊசிபோன்ற வாயைச் செருகி அது சாற்றை உறிஞ்சும். மிகுந்த இனிப்பு நீரை வெளியேற்றும். அந்நீர் படிந்த இலைகளிற் கரும்பூஞ்சணம் படர்ந்து வெயிலை மறைக்கும். இலை உதிரும், காய் சிறுக்கும், ஈற்றில் மரமே பட்டுப்போகும். இன்னுமொரு சிறப்பு அதற்குண்டு. பெண்ணெனத் தோன்றும் பூச்சிகள் இருபால் உறுப்புக்களும் உடையவை; ஆண்பூச்சியின் துணையின்றியே முட்டையிட்டு இனம் பெருக்க வல்லவை. ஆதலின், ஒரேயொரு பூச்சி அயல்நாட்டிற் கால்கொண்டாலும் அங்கே ஒரு குடி தோன்றுதற்கு அது போதும்.

கலிபோர்ணியாவிற் புகுந்தமை

இப்பூச்சியின் தாயகம் அவுத்திரேலியா. அங்கே வேல மரவகைகளில் அது வாழ்ந்துவந்தது. எவரும் அதனைப் பெரும் பகையாகக் கருதியிலர். 1868 அளவில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள மென்லோ பாக் என்னும் ஊரில், அவுத்திரேலியாவிலிருந்து வந்த வேலங்கன்றுகளோடு அது கலிபோர்ணியாவிற் புகுந்தது. அழகுக்காகக் கொணர்ந்த கன்றோடு அழிவும் உடன்வந்தது.

அக்காலத்திலேயே தென் கலிபோர்ணியாவில் தோடைப் பயிர்ச்செய்கை வளரத் தொடங்கியிருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வுல்ஃப்ஸ்கில் என்பார் 1841 இல் விற்பனைக்கென முதற்றோப்பை நட்டிருந்தார். 1873 இல் பிரேசில் நாட்டிலிருந்து வந்த விதையில்லாத் தோடையின் கன்றுகள் இரண்டு றிவர்சைட் என்னும் ஊரில் நடப்பட்டன. 1877 இல் வுல்ஃப்ஸ்கில் தோப்பின் பழங்கள் புகையிரதத்தில் நாட்டின் உட்பகுதிக்குச் சென்றன. வறண்ட நிலம் பொன் விளையும் நிலமாக மாறிய அவ்வேளையிற் பஞ்சணைச் செதிற்பூச்சியும் தெற்கே வந்து சேர்ந்தது.

1880 களின் நடுப்பகுதியில் மரங்கள் பனி பெய்தாற்போல வெண்மை பூண்டு நின்றன. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த கரைசல்களைத் தெளித்துப் பார்த்தனர். மெழுகுப் பைக்குள் இருந்த முட்டைகளை அவை தீண்டவில்லை. மரத்தைக் கூடாரத் துணியால் மூடி, உள்ளே நச்சுவாயுவைச் செலுத்தும் முறையை 1886 இல் கொக்கிலெற் என்னும் பூச்சியியலாளர் வகுத்தார். அது பயன் தந்ததாயினும், ஆயிரக்கணக்கான மரங்களுக்கு அதனைச் செய்தல் பெருஞ் செலவாயிற்று. தோப்புக்களை வெட்டித் தீயிட்டோரும் உளர். பழமேற்றுமதி குறைந்தது, நிலத்தின் விலை வீழ்ந்தது.

றைலியின் கருத்து

இந்நிலையில், அமெரிக்க மத்திய அரசின் கமத்தொழிற்றிணைக்களத்தில் தலைமைப் பூச்சியியலாளராக இருந்தவர் சாள்ஸ் வலன்ரைன் றைலி. 1843 இல் இலண்டனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர் அவர். பூச்சியைப் பூச்சியால் வெல்லலாம் என்னும் கருத்து அவருக்குப் புதிதன்று. கோவாவை உண்ணும் புழுவை அழித்தற்காக, 1883 இல் இங்கிலாந்திலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை அவர் வரவழைத்திருந்தார்.

1887 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் றிவர்சைட்டிற் கூடிய பழச்செய்கையாளர் மாநாட்டில் றைலி தம் கருத்தை எடுத்துரைத்தார். அவர் வாதத்தின் சாரம் இதுவாகும்: இப்பூச்சி அவுத்திரேலியாவிலிருந்து வந்தது, ஆங்கு அது பெருந்தீங்கு விளைக்கவில்லையெனின், அதனை உண்டு அடக்கும் உயிர்கள் ஆங்கு இருத்தல் வேண்டும், பூச்சி கடல் கடந்தபோது அவ்வுயிர்கள் உடன்வரவில்லை, ஆகவே அவற்றைத் தேடிக் கொணர்தலே தக்க வழி. அடிலெயிட் நகரிலிருந்த கிரோபோட் என்னும் ஆர்வலர், செதிற்பூச்சியின் உடலுள் வளரும் ஒரு சிறு ஈயை ஏலவே கண்டிருந்தமை றைலியின் கருத்துக்கு வலுவூட்டியது.

கருத்து எளிது, நிறைவேற்றுதல் அரிதாயிற்று. றைலி அடிக்கடி ஐரோப்பாவுக்குச் சென்றுவந்ததை விரும்பாத சட்டமன்றத்தார், அத்திணைக்களப் பூச்சியியலாளர் அரசாங்கச் செலவில் அயல்நாடு செல்லலாகாதென நிதிச் சட்டத்திலே தடைவிதித்திருந்தனர். பல கோடி பெறுமதியான பயிர் அழிந்துகொண்டிருக்க, ஒரு சிலரின் மனக்கசப்பு மருந்துக்குக் குறுக்கே நின்றது. நல்லூழாக, 1888 இல் மெல்பேண் நகரிற் சர்வதேசப் பொருட்காட்சியொன்று நடைபெற இருந்தது. அதற்கென வெளிநாட்டமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட பணத்திலிருந்து 2,000 டொலர் பெற்று, பொருட்காட்சிக் குழுவின் ஓர் உறுப்பினர் போல றைலியின் உதவியாளர் ஒருவர் அனுப்பப்பட்டார். அவரே ஜேர்மனியிற் பிறந்த அல்பேட் கேபெலே.

நூற்றிருபத்தொன்பது வண்டுகள்

1888 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 25 ஆந் திகதி கேபெலே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறினார். அவர் தேடிச் சென்றது கிரோபோட் கண்ட ஈயையேயாகும். அதனை ஆயிரக்கணக்கிற் சேர்த்து அனுப்பவுஞ் செய்தார். ஒற்றோபர் 15 இல், வட அடிலெயிட்டில் ஒரு தோட்டத்திலே, செதிற்பூச்சியை உண்டுகொண்டிருந்த சிறு பொறிவண்டு ஒன்றை அவர் கண்டார். செம்மையும் கருமையும் விரவிய, ஓரங்குலத்தின் ஆறிலொரு பங்கினும் மிகாத அவ்வண்டு அக்காலத்தில் வெடேலியா எனப்பட்டது. இன்று உரொடோலியா காடினாலிஸ் எனப்படும். அதன் தாய்வண்டு செதிற்பூச்சியின் முட்டைப் பையை அடுத்தே தன் முட்டைகளை இடும். பொரித்த குஞ்சுகள் பையினுட் புகுந்து முட்டைகளை உண்ணும். வளர்ந்தபின் பூச்சியையும் உண்ணும். எண்ணெயும் சவர்க்காரமும் புகாத இடத்தில் இக்குஞ்சு புகுந்தது.

கப்பலின் பனிக்கட்டி அறையில், கடலை ஒரு மாத அளவிற் கடந்து வண்டுகள் லொஸ் ஏஞ்சலிஸ் வந்தன. முதன்முறை 28, இரண்டாம் முறை 44, மூன்றாம் முறை 57. ஆக 129 வண்டுகள். 1889 தை மாத இறுதி வரை வந்தவை இவையே. பின்னரும் சில நூறு வந்தன. முன்பு மரத்தைக் கூடாரமிட்டு நச்சுவாயு செலுத்திய கொக்கிலெற்றே, இப்போது வுல்ஃப்ஸ்கில் தோப்பில் ஒரு தோடைமரத்தைக் கூடாரமிட்டு, அதனுள் இவ்வண்டுகளை விட்டார். சித்திரை தொடங்கும்போது அம்மரத்திற் செதிற்பூச்சி அருகிவிட்டது. கூடாரத்தின் ஒரு பக்கம் திறக்கப்பட்டது. வண்டுகள் அயல் மரங்களுக்குப் பரவின. ஆனி 12 ஆந் திகதிக்குள் 10,555 வண்டுகள் 208 தோப்புக்காரருக்குப் பங்கிடப்பட்டன. சான் கேப்ரியல் ஊரிலிருந்த தோப்புக்காரர் டொபின்ஸ், தம் தோப்பு ஆடி இறுதியில் ஏறக்குறையத் தூய்மையாகிவிட்டதெனக் கடிதம் வரைந்தார். ஆண்டு முடிவதற்குள் பீடை அடங்கிற்று. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலிருந்து ஓராண்டில் ஏற்றுமதியான தோடை 700 புகையிரதப் பெட்டிகளிலிருந்து 2,000 பெட்டிகளாக உயர்ந்தது.

ஈண்டு ஒரு நுட்பம் உளங்கொளத்தக்கது. வண்டு செதிற்பூச்சியை அடியோடு அழிக்கவில்லை; அடியோடு அழித்திருப்பின் வண்டும் பட்டினியால் மாண்டிருக்கும். இரண்டும் சிறு தொகையினவாய் அத்தோப்புக்களில் இன்றும் வாழ்கின்றன. பீடை பூச்சியாக மாறியது. பூச்சி தன் அளவில் நின்றது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

வெற்றி தந்த மயக்கம்

வெடேலியா பின்னர் பல நாடுகளுக்குச் சென்றது. 1890 இல் ஹவாயிலும் 1897 இல் போர்த்துக்கலிலும் அது விடப்பட்டது. 1928 இல் நீலகிரியிலே வேலமரங்களில் இச்செதிற்பூச்சி காணப்பட்டபோது, ஆங்கும் இவ்வண்டே வரவழைக்கப்பட்டது. ஆனால், ஒரு வெற்றியைக் கண்டோர் எல்லா நோய்க்கும் அதுவே மருந்தென மயங்குதல் மனித இயல்பு. 1891 இல் கேபெலே மீண்டும் அவுத்திரேலியா சென்று வேறு பல பொறிவண்டினங்களை அனுப்பினார். அவற்றுட் பெரும்பாலானவை நிலைகொள்ளவில்லை. வெடேலியா ஒரு குறித்த இரையை மட்டுமே நாடுவது; இரை பெருகும் வேகத்தினும் விரைவாகப் பெருகுவது. இவ்விரு பண்பும் எல்லா உயிர்க்கும் இல்லை.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விளைவை 1935 இல் அவுத்திரேலியாவே கண்டது. கரும்பை அழிக்கும் வண்டை ஒழிக்கவென ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொணர்ந்த பெருந்தேரை, கரும்பு வண்டை ஒழிக்கவில்லை. கண்டதையெல்லாம் உண்டு, தன்னை உண்ணும் உயிர்களையும் தன் நஞ்சினாற் கொன்று, நாட்டின் வடபகுதியெங்கும் பரவிற்று. துணையெனக் கொணரும் உயிரையும் தீர ஆராயாது கொணர்தல் தீதென்பதற்கு இது சான்று. இதனை உணர்ந்தமையாலேயே, 1982 இல் கலாபகசுத் தீவுகளிற் பஞ்சணைச் செதிற்பூச்சி காணப்பட்டபோது வெடேலியாவை உடனே விட்டாரல்லர். அத்தீவுகளுக்கே உரிய உயிர்களுக்கு அது கேடு செய்யுமோவெனப் பல ஆண்டுகள் சோதித்து, 2002 இலேயே விட்டனர்.

மற்றொரு மயக்கம் மறதியால் நேர்ந்தது. இலங்கையில் மலேரியாவை அடக்க உதவிய டீ. டீ. ரீ. என்னும் மருந்து, இரண்டாம் உலகப் போரின் பின்னர்த் தோப்புக்களுக்கும் வந்தது. கலிபோர்ணியாவின் சான் வோக்கீன் பள்ளத்தாக்கில், வேறு பூச்சிகளை ஒழிக்க அதனைத் தெளித்தனர். அது செதிற்பூச்சியை விட்டு, வெடேலியாவைக் கொன்றது. 1946, 1947 ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒடுங்கிக் கிடந்த பீடை மீண்டும் வெண்பனி போல மரங்களை மூடியது. தெளிப்பதைத் திருத்தி, வண்டை மீண்டும் கொணர்ந்த பின்னரே அது அடங்கிற்று. வண்டு செய்துவந்த தொண்டை, அது நின்றபோதே தோப்புக்காரர் உணர்ந்தனர்.

இலங்கையிற் கண்ட உண்மை

கலிபோர்ணியாவில் அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த வெற்றியும் மறதியும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன. தோட்டத்தார் டோர்ட்ரிக்ஸ் என வழங்கும் ஒரு புழு, தேயிலைக் கொழுந்துகளை நூலாற் பிணைத்து உள்ளிருந்து தின்னும். நீற்னர் என்பார் 1861 இல் இலங்கைக் கோப்பிச் செடியிலே கண்டு விவரித்தமையால், அதன் அறிவியற் பெயரிற் கோப்பியின் பெயரே இன்றும் நிற்கின்றது. கோப்பி போனபின் அது தேயிலையைப் பற்றிக்கொண்டது. அதன் முட்டைத் திரள்களைத் தோட்டத் தொழிலாளர் கையாற் பொறுக்கி அழித்தனர். அவ்வுழைப்புக்கு முடிவே இருக்கவில்லை. யாவாத் தீவில் இப்புழுவை ஒரு சிறு குளவி அடக்குவது தெரியவந்தது. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் அக்குளவி இலங்கைக்குக் கொணரப்பட்டது. அது புழுவின் உடலுள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். சில ஆண்டுகளிற் புழு அடங்கிற்று.

1950 களிற் கவலை வேறொன்றாயிற்று. தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்திரின் என்னும் புதிய நஞ்சு தெளிக்கப்பட்டது. நஞ்சு துளைவண்டைத் தாக்கியது உண்மை. அதனுடன் யாவாக் குளவியையும் தாக்கியது. காவலன் மடியவே டோர்ட்ரிக்ஸ் புழு மீண்டும் தலையெடுத்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் காரணத்தை ஆராய்ந்து கண்டனர்; டீல்திரின் கைவிடப்பட்டது. கலிபோர்ணியாவில் நிகழ்ந்தது ஏடுகளில் எழுதப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே பிழை இங்கும் நேர்ந்தது. ஓரிடத்துப் பட்டறிவு மற்றோரிடத்தார் கையில் தக்க காலத்திற் சேரவில்லை.

ஆயினும் கற்றது முற்றும் வீண்போகவில்லை. 2008 இல் நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பப்பாசி மாவுப்பூச்சி, இலங்கையின் மேல் மாகாணத்திலும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலும் ஏறத்தாழ ஒரே காலத்திற் காணப்பட்டது. பப்பாசி, மரவள்ளி, மல்பெரி எனப் பல பயிர்களை அது வெண்மாவு தூவினாற்போல மூடியது. நஞ்சுகளைத் தெளித்தோர் பயன் கண்டிலர். ஆனால் இம்முறை அறிஞர் முதலிற் பூச்சியின் பெயரையும் பிறப்பிடத்தையும் துணிந்தனர். பெயர் தெரிந்தவுடன் பகையும் தெரிந்தது. அப்பூச்சியுள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் போட்டோ றிக்கோத் தீவிலிருந்து வரவழைக்கப்பட்டு, இலங்கையில் 2009 இலும் தமிழ்நாட்டில் 2010 இலும் விடப்பட்டன, பீடை தணிந்தது. 1868 இற்கும் 1889 இற்கும் இடையே இருபத்தொரு ஆண்டு எடுத்த காரியம் இங்கே இரண்டொரு ஆண்டில் முடிந்தது.

பெயரறிதலின் பயன்

இவ்விரைவு எங்ஙனம் வாய்த்தது? பூச்சிகளை ஒன்றொன்றாய்ப் பார்த்து, வரைந்து, பெயரிட்டு வைத்த பொறுமைமிக்க உழைப்பினாலேயே வாய்த்தது. இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி எர்னெஸ்ற் கிறீன் என்பார் எழுதிய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. உடனடிப் பயனை மட்டும் அளப்போர் அத்தகைய முயற்சியைப் பொழுதுபோக்கென எண்ணவுங் கூடும். மாஸ்கெல் ஓக்லாந்திலிருந்து கிடைத்த ஒரு பூச்சிக்குப் பெயரிட்டபோது, கலிபோர்ணியாவின் தோடை அவர் நினைவில் இருந்திராது. ஆயினும் அப்பெயரின்றேல், இருவேறு நாடுகளிற் காணப்பட்டது ஒரே பூச்சியென எவரும் துணிந்திருக்க முடியாது. றைலியின் வாதம் எழுந்திருக்கவும் முடியாது.

இவ்வறிவு நூலகத்தோடு நின்றுவிடலாகாது; வீட்டுத் தோட்டம் வரை வருதல் வேண்டும். கேபெலே தம் இரண்டாம் பயணத்தில் அனுப்பியவற்றுட் கிரிப்ரொலேமஸ் என்னும் பொறிவண்டும் ஒன்று. 1898 இல் கோப்பியின் பச்சைச் செதிற்பூச்சியை ஒழிக்கவெனத் தென்னிந்தியாவுக்கு அது கொணரப்பட்டது. அப்பணியில் அது வெல்லவில்லை. எனினும் மாவுப்பூச்சிகளை உண்டு அங்கேயே நிலைகொண்டது. இதன் குஞ்சு வெண்மெழுகு போர்த்தி, தான் உண்ணும் மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். அதனினும் பருத்து, விரைந்து ஊர்ந்து திரியும். வேறுபாடு அறியாதார் அதனையே பெரும் பீடையெனக் கருதி நசுக்கிவிடுவர். மாவு படிந்த பப்பாசி இலையைக் காணும் மாணவர், மருந்துப் போத்தலை எடுக்குமுன் உருப்பெருக்குங் கண்ணாடியை எடுத்து, அவ்வெண்மைக்குள் அசைவது எது, அசையாதிருப்பது எது என நோக்குவாராக.